சான் பிரான்சிஸ்கோவில் கேபிள் கார் ஏறப்போகும் நம்மூர்க்காரருக்கு

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறவர்கள் கேபிள் காரில் ஏறாமல் திரும்பி வரக்கூடாது என்பது என் கருத்து. எல்லோரும் போய் ஏறுகிற இடத்தில் ஏற வேண்டாம் என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

மட்டக்களப்பில் இருந்து பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியாப் பக்கம் போகிற அம்மா அப்பாமார் இப்போது கூடிக்கொண்டு வருகிறார்கள். கனடா, லண்டன் போகிற அளவுக்கு இல்லை. ஆனாலும் வாழைச்சேனையில் எங்கள் தெருவிலேயே அப்படிச் சில வீடுகள் உண்டு. போய்வந்தவர்களிடம் கேபிள் காரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "பெரிய வரிசை, வெயிலும் காற்றும், நிற்க ஏலாமல் விட்டுட்டு வந்துட்டம்." அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்காமல் வந்தார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் இயந்திரப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். உருளை, பட்டி, கம்பிக்கயிறு, பெயாரிங் என்று காலம் போனது. ஆகவே நான் பார்த்த கேபிள் கார் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். என் மனைவி பார்த்தது கடலும் வீடுகளும். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அது என்ன என்று. மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு போகிற பெட்டி என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இது தெருவில், தண்டவாளத்தில் ஓடுகிறது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நீளத்துக்கு ஒரு இடுக்கு தெரியும். அந்த இடுக்குக்குக் கீழே, நிலத்துக்குள், ஒரு உருக்குக் கயிறு ஓடிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு ஒன்பதரை மைல், அதாவது 15 கிலோமீற்றர் வேகம். கார் நின்றாலும் கயிறு நிற்பதில்லை. காருக்கு எஞ்சின் இல்லை, மோட்டார் இல்லை. காரின் முன்பகுதியில் நிற்கிற ஆள் ஒரு பெரிய நெம்புகோலை இழுத்தால், கீழே ஒரு இடுக்கி அந்தக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கும், கார் நகரும். விட்டால் கயிறு தன்பாட்டில் போகும், பிறகு பிரேக் பிடித்து நிறுத்த வேண்டியதுதான். நம்மூரில் நெல் ஏற்றிப் போகிற உழவு இயந்திரத்தின் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மிதிக்காமல் சைக்கிளில் போவார்களே பொடியன்மார், வேலை அதே வேலைதான். அந்த இடுக்கிக்குக் கிரிப் என்று பெயர். இழுக்கிறவர் கிரிப்மேன்.

கயிற்றை ஒரேயடியாக இறுக்கிப் பிடித்தால் ஆட்கள் எல்லோரும் பின்னால் விழுந்துவிடுவார்கள். ஆகவே கிரிப்மேன் முதலில் கொஞ்சம் பிடித்துக் கயிற்றை வழுக்கவிட்டு, மெல்ல மெல்ல இறுக்குகிறார். கயிற்றில் தார் போன்ற ஒரு பொருள் பூசியிருப்பது இதற்காகத்தான். உரசலில் பெரும்பகுதியை அந்தப் பூச்சு வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு இறுக்கினால் போதும் என்று காட்ட அங்கே ஒரு மானியும் இல்லை. கை சொல்ல வேண்டும். ஆலையில் வால்வைத் திறக்கும்போது எங்களுக்கும் கைதான் சொல்லும், அதனால் அந்த மனிதரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே என்ன போகிறது என்று முதல் பத்து நிமிடம் நான் பார்க்கவே இல்லை.

சரி, எங்கே ஏறுவது?

இப்போது ஓடுவது மூன்று பாதைகள். பவல்–ஹைட், பவல்–மேசன், கலிபோர்னியா. முதல் இரண்டும் மார்க்கெட் தெருவும் பவல் தெருவும் சந்திக்கிற இடத்தில் புறப்படுகின்றன. அங்கே மரத்தட்டு வைத்த ஒரு வட்டம் இருக்கிறது. கார் அதன்மேல் ஏறியதும் ஊழியர்கள் கையால் தள்ளித் திருப்பிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், கட்டாயம் பாருங்கள். ஆனால் ஊருக்கு வருகிற சுற்றுலாக்காரர் எல்லோரும் நிற்கிற வரிசையும் அதுதான். கோடை நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகும். வயது போனவர்களுக்கு அது தேவையில்லாத தண்டனை.

கலிபோர்னியாப் பாதை மார்க்கெட் தெருவின் கிழக்குக் கோடியில், எம்பார்கடேரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. பிரிமொன்ட், யூனியன் சிட்டி, டப்ளின் பக்கம் இருக்கிற பிள்ளைகள் வீட்டில் தங்குகிறவர்களுக்கு இது இன்னும் வசதி. பார்ட் ரயிலில் ஏறினால் கடலுக்கடியில் போட்ட குழாய்வழியாக வந்து எம்பார்கடேரோவில் இறக்கிவிடும். படியேறி வெளியே வந்தால் கேபிள் கார் நிற்கும். நாங்கள் ஒரு வாரநாள் காலையில் போனோம். வரிசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த காரிலேயே எல்லோருக்கும் இடம் கிடைத்தது.

பிள்ளைகள் காரில் கூட்டிப்போகிறோம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த நகரத்தில் காரை நிறுத்தும் செலவு அதிகம். அதைவிட, நிறுத்திய காரின் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துக்கொண்டு போவது அங்கே பேர்போன தொல்லை. கார்தான் வேண்டும் என்றால் உள்ளே ஒரு பையும், ஒரு சால்வையும்கூட வெளியே தெரிய வைக்காதீர்கள். கடவுச்சீட்டைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டு திரியவே வேண்டாம்.

கட்டணம் நாங்கள் போனபோது ஒரு தடவை ஏற எட்டு டொலர். நம் காசுக்கு மாற்றிப் பார்த்தால் நெஞ்சு பதறும், மாற்றிப் பார்க்காதீர்கள். இறங்கி மறுபடி ஏறினால் மறுபடி முழுக் கட்டணம். அதனால் பிள்ளைகளிடம் சொல்லி, முனி என்கிற நகரப் போக்குவரத்துச் சேவையின் செயலியில், கேபிள் காருக்கும் செல்லுகிற ஒருநாள் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை ஏறினாலே பாஸ் லாபம், நகரத்துப் பஸ்ஸும் டிராமும் அதற்குள் அடக்கம். நாங்கள் போனபோது அதையே கடதாசியில் வாங்கினால் விலை கூடவாக இருந்தது. பார்ட் ரயிலுக்கு அந்தப் பாஸ் செல்லாது, அதற்குத் தனியாக வேண்டும். 65 வயது கடந்தவர்களுக்குச் சலுகை இருக்கிறது, ஆனால் கேபிள் காரில் அது விடியற்காலையிலும் இரவு ஒன்பதுக்குப் பிறகும்தான். அந்த நேரத்துக்கு நம்மால் போக ஏலாது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அடுத்த வருடம் மகனிடம் போகிறவர், என்னிடம் கேட்டது முழங்காலைப் பற்றித்தான். "தம்பி, உயரமான படியா? சாரியோட ஏறலாமா?" என்றார். படி உயரம்தான் டீச்சரக்கா. சக்கர நாற்காலி ஏற்ற வசதியும் இல்லை. ஒரு கை யாராவது பிடித்தால், பஸ் ஏறிப் பழகியவர்களுக்கு ஏற முடியும். கலிபோர்னியாக் காரில் இரண்டு முனையும் திறந்திருக்கும், நடுவில் கண்ணாடி போட்ட மூடிய அறை ஒன்று உண்டு. முழங்கால் நோவோ தலைச்சுற்றோ இருந்தால் நேரே அந்த அறைக்குள் போய் இருங்கள். என் மனைவி அங்கேதான் இருந்தார். சாரியோடு வெளிப்படியில் நிற்கவே கூடாது. காற்று இழுக்கும், மற்றக் கார்கள் உரசுகிற மாதிரிப் போகும். சல்வாரோ காற்சட்டையோ போட்டு, வழுக்காத சப்பாத்தும் போட்டுக்கொண்டால் நல்லது.

உடம்புக்குத் தெம்பு உள்ளவர்கள் வெளிப்படியில் நிற்கலாம், அது அனுமதிக்கப்பட்டதுதான். நானும் நின்றேன். உள்ளேயிருந்து மனைவி, "இஞ்சாருங்க, கையை விட்டுராதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார், சொன்னது சரிதான். தூணை ஒரு கையால் அல்ல, முழங்கையை வளைத்து அணைத்துப் பிடியுங்கள். முதுகுப்பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். எதிரே இன்னொரு கேபிள் கார் வரும்போது இடைவெளி மிகக் குறைவு, அந்த நேரத்தில் படமெடுக்கக் கையையோ தலையையோ வெளியே நீட்டினால் ஆபத்து. வளைவு வருகிறது என்று கிரிப்மேன் உரத்துச் சொல்வார். சொன்னவுடன் உள்பக்கம் சாய வேண்டும். தரையில் மஞ்சள் அடித்த பகுதி கிரிப்மேனுடைய இடம், அங்கே கால் வைக்கக்கூடாது. நெம்புகோலை இழுக்கும்போது அவர் உடம்பு முழுவதும் பின்னால் வரும்.

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறி இறங்குவதுதான். கலிபோர்னியாத் தெருவைக் கீழேயிருந்து பார்த்தால் இதில் எப்படி வீடு கட்டினார்கள் என்று தோன்றும். பெரிய பெரிய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே தொடங்கி, சீனர் வாழும் பகுதியைத் தாண்டி, நொப் ஹில் என்ற குன்றின் உச்சிக்குக் கார் ஏறுகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் தெரு அப்படியே விழுந்துபோய், முடிவில் விரிகுடாவும் பே பாலமும் தெரியும். கார் நாற்சந்தியின் நடுவில் போய் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சரிவில் நிறுத்திப் புறப்படுவது கடினம், சந்தி மட்டும்தான் சமதரை.

பிரேக் எப்படி என்று நான் விசாரித்தேன். மூன்று இருக்கிறது. சக்கரத்தைப் பிடிக்கிற சாதாரணப் பிரேக் ஒன்று. தண்டவாளத்தின்மேல் அழுத்துகிற மரக்கட்டை இன்னொன்று. டக்ளஸ் ஃபர் என்ற மென்மையான மரம், சில நாளுக்கு ஒருமுறை தேய்ந்து மாற்றுகிறார்கள். இறங்கும்போது ஒரு கருகல் மணம் வந்தால் அது இந்த மரம்தான், பயப்பட ஒன்றும் இல்லை. மூன்றாவது, கடைசி வழி. ஒரு உருக்கு ஆப்பு தண்டவாள நடு இடுக்கில் போய் இறுகிவிடும். அதைப் பிறகு வெளியே எடுப்பதே பெரிய வேலை, சில நேரம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பின்னால் இருக்கிற கண்டக்டர் பணம் வாங்க மட்டும் இல்லை. பின்சக்கரப் பிரேக் அவர் கையில். இரண்டு பேரும் மணியடித்துப் பேசிக்கொள்கிறார்கள். நிற்க, போக, எல்லாவற்றுக்கும் மணி.

பாதை வான் நெஸ் தெருவில் முடிகிறது. கலிபோர்னியாக் காருக்கு இரண்டு முனையிலும் கிரிப் இருப்பதால் திருப்ப வேண்டியதில்லை, கிரிப்மேன் மறுமுனைக்கு நடந்து போகிறார். ஆட்கள் குறைவாக இருந்த அந்த நேரத்தில், நான் ஆலையில் வேலை செய்தவன் என்று மகள் அவரிடம் சொன்னாள். அவர் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். தரை இடுக்கு வழியே கயிறு ஓடுவதைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் பாதியில் விட்டுவிடுவார்களாம், பலம் இருந்தால் மட்டும் போதாதாம். 1998இல் பானி மே பார்ன்ஸ் என்ற பெண் முதல் பெண் கிரிப் இயக்குநராக வந்திருக்கிறார், அப்போது அவருக்கு 50 வயது கடந்திருந்தது. இதை மகள் சொன்னதும் என் மனைவிக்குக் கேபிள் கார்மேல் இருந்த மரியாதை இரட்டிப்பாகிவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து பக்கத்து வீடுகளில் முதலில் சொன்ன கதையும் இதுதான்.

திரும்பி வருகிற காரில் நொப் ஹில் உச்சியில், மேசன் தெருச் சந்தியில் இறங்கிக்கொள்ளுங்கள். மூன்று தெரு வடக்கே, இறக்கத்தில் நடந்தால், வாஷிங்டன் தெருச் சந்தியில் செங்கல் கட்டடம் ஒன்று வரும். அதுதான் கேபிள் கார் அருங்காட்சியகம். உள்ளே போகப் பணம் இல்லை. திங்கட்கிழமை பூட்டு, ஆகவே நாளைப் பார்த்துப் போங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், காரில் ஏற நேரம் இல்லாவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும்.

பேருக்குத்தான் அருங்காட்சியகம். நகரம் முழுவதும் ஓடுகிற நான்கு கயிறுகளும் அந்தக் கட்டடத்துக்குள் வந்துதான் போகின்றன. மேல்மாடத்தில் நின்று கீழே பார்த்தால், ஆள் உயரத்துக்கும் மேலான சக்கரங்கள் கயிற்றை இழுத்துச் சுற்றுகின்றன. கயிறு வழுக்காமல் இருக்க எட்டுப்போல் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கயிற்றுக்கும் 510 குதிரைவலு மின்மோட்டார். சத்தமும் எண்ணெய் மணமும் படியேறும்போதே வந்துவிட்டது. ஆலையை விட்டு வந்த பிறகு அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மனைவி என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க ஆறுதலாப் பாருங்க, நான் இருக்கன்" என்று ஒரு வாங்கில் போய் இருந்தார்.

கயிறு ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. ஆட்கள் ஏற ஏறக் கயிறு இழுபடும், இறங்க இறங்கத் தளரும். அந்தத் தளர்வை எடுக்க ஒரு சக்கரத்தை நகரும் வண்டிமேல் பூட்டிப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறார்கள். கயிற்றில் ஒரு புரி அறுந்து மேலே எழும்பினால், பக்கத்தில் வைத்திருக்கிற கவையில் அது தட்டும், உடனே எச்சரிக்கை போகும். அதைக் கவனிக்காமல் விட்டால், அறுந்த புரி காரின் கிரிப்பில் சிக்கி, காரை நிறுத்தவே முடியாமல் போய்விடும். ஒரு கயிறு சில மாதம்தான் உழைக்கும். பிறகு இரவில் புதுக்கயிறு போட்டு, இரண்டு முனையையும் பிரித்துப் பின்னிச் சேர்க்கிறார்கள். முடிச்சோ தடிப்போ வரக்கூடாது, கிரிப்புக்குள் வழுக்கிப் போக வேண்டுமே. அப்படிப் பின்னத் தெரிந்த கைகள் இன்னும் அங்கே சம்பளத்துக்கு இருக்கின்றன, இளைஞர்களுக்குப் பழக்கியும் கொடுக்கிறார்கள். நின்றுபோன இயந்திரங்களைப் பார்த்தவன் நான். அதனால் இது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்குத் தெரியும்.

அங்கேயே 1873ஆம் ஆண்டின் ஒரு கார் நிற்கிறது. கம்பிக்கயிறு செய்கிற தொழிலில் இருந்த ஆண்ட்ரூ ஹாலிடி என்பவர், ஈரக் கற்தெருவில் குதிரைகள் பாரம் இழுக்க ஏலாமல் விழுந்து மடிவதைப் பார்த்துத்தான் இதை யோசித்தார் என்று சொல்கிறார்கள். அந்த வருடம் ஓகஸ்டில் கிளே தெருவில் முதல் கார் ஓடியது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் பெரும்பகுதியை அழித்தன. 1947இல் நகர மேயர், பஸ் விட்டால் செலவு குறைவு என்று பவல் பாதைகளை நிறுத்தப் பார்த்தார். பிரீடல் கிளஸ்மன் என்ற பெண் மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இயக்கம் நடத்தினார். மக்கள் வாக்களித்துக் காப்பாற்றினார்கள். 1982இல் தண்டவாளம் முதல் இயந்திரக்கூடம் வரை திருத்துவதற்காக நிறுத்தி, 1984இல் மறுபடி ஓடவிட்டார்கள். பழையது என்று தூக்கி எறியாமல் அத்தனை செலவு செய்து திருத்தியதை அந்த ஊர் மக்களுக்கு நான் பெருமையாகவே சொல்வேன்.

அருங்காட்சியகத்தில் இருந்து ஒரு தெரு தாண்டினால் ஜாக்சன் தெரு. அங்கே பவல்–ஹைட் கார் வரும், நிறுத்தத்தில் நின்று கையைக் காட்டலாம். கார் நிரம்பி வந்தால் நிற்காமல் போகும், அடுத்ததைப் பார்க்க வேண்டியதுதான். நாங்கள் ஒன்றிரண்டை விட்டுவிட்டுத்தான் ஏறினோம். முன்பகுதியில் வெளியே பார்த்தபடி இருக்கும் வாங்குகள் உண்டு, கிடைத்தால் வலப்பக்கம் இருங்கள். ஹைட் தெருவில் வளைந்து வளைந்து இறங்குகிற லொம்பார்ட் தெருவின் தலைமாடு அந்தப் பக்கம்தான். அதைத் தாண்டியதும் தெரு கடலை நோக்கிச் சரிகிறது. எதிரே அல்கட்ராஸ் தீவு. மூன்று பாதைகளிலும் ஆகச் செங்குத்தான சரிவு இங்கேதான், நூற்றுக்கு 21 அளவில். சரிவில் இறங்கும்போதும் கிரிப் கயிற்றைப் பிடித்தபடியே இருப்பதால், கார் கயிற்றைவிட வேகமாகப் போகாது. இது தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தேன், கண்ணை மூடாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டு வந்தார்.

காரில் சாப்பிட விடமாட்டார்கள். கீழே இறங்கினால் கடற்கரையோரம் புல்தரை இருக்கிறது. மகள் கட்டித்தந்த ரொட்டியும் கட்டைச்சம்பலும் அங்கேதான் சாப்பிட்டோம். அந்தப் பக்கத்துக் கடைகளில் விலை கடும், வீட்டில் இருந்து கொண்டுபோவது எல்லா வகையிலும் நல்லது. கடற்பறவைகள் கையில் இருந்தே பறிக்கும், கவனம்.

திரும்பி வர அதே கேபிள் காருக்கு அங்கே வரிசையில் நிற்காதீர்கள். அதுவும் பவல் தெரு வரிசை அளவுக்கு நீளம். கொஞ்சத் தூரம் நடந்தால் ஜோன்ஸ் தெருவும் பீச் தெருவும் சந்திக்கிற இடத்தில் எஃப் டிராம் புறப்படுகிறது. உலகத்தின் பல நகரங்களில் ஓடிய பழைய டிராம்களைத் திருத்தி ஓட விட்டிருக்கிறார்கள். கரையோரமாகவே போய் எம்பார்கடேரோ பக்கம் இறக்கிவிடும். அதே பாஸ் செல்லும், அங்கிருந்து பார்ட் ரயில். வயதானவர்களுக்கு இந்தச் சுற்று ஒரு நாளுக்குப் போதும், கோல்டன் கேட் பாலத்தை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

குளிரைப் பற்றி ஒரு சொல். நம்மூரில் கச்சான் காற்று வீசி எரிக்கிற ஆடி ஆவணியில்தான் பலரும் பேரப்பிள்ளைகளின் விடுமுறைக்காகப் போகிறார்கள். அந்த நகரத்தில் அப்போதுதான் மூடுபனி. பிரிமொன்ட்டில் வெயில் கொளுத்தும், ரயில் ஏறி நகரத்தில் இறங்கினால் பல்லு நடுங்கும். திறந்த காரில் அந்தக் காற்று இன்னும் குத்தும். தடித்த சட்டையும் காதை மூட ஏதாவதும் கட்டாயம். டிக்கெட் இன்னும் போடாதவர்கள் செப்டெம்பர், ஒக்டோபரைப் பாருங்கள். அங்கே ஆக வெப்பமான மாதங்கள் அவைதான், மூடுபனியும் குறைவு, பள்ளிக்கூடம் தொடங்கிவிடுவதால் வரிசைகளும் சுருங்கிவிடும்.